யார் வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய்?

அக்டோபர் 31 மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வீட்டின் வாசல் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதற்கு மற்ற நாள்களில் இல்லாத அர்த்தம் உண்டு. எரிந்தால், வேடம் போட்டுக்கொண்டு வரும் எந்தக் குழந்தையும் படியேறி மணி அடிக்கலாம். அணைந்திருந்தால் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கதவு திறந்ததும் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்று கத்துவார்கள். தின்ன ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் குறும்பு செய்வோம் என்ற மிரட்டல் அது. மிரட்டுகிறவருக்கு மூன்றடி உயரம், முதுகில் தேனீச் சிறகு. வீட்டுக்காரர் பயந்ததுபோல் பாவனை காட்டி, நீட்டிய பையில் ஒரு சாக்லேட்டைப் போடுவார்.

சடங்கு இவ்வளவுதான். ஆனால் இதைச் சுற்றி ஒவ்வோர் ஆண்டும் எழும் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. மீசை அரும்பிய பையனெல்லாம் வந்து கேட்கலாமா? வேடமே போடாமல் பையை மட்டும் நீட்டினால் என்ன செய்வது? வேறு பேட்டையிலிருந்து வேனில் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கும் நாம்தான் கொடுக்க வேண்டுமா? ‘ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதி வாசலில் வைத்த கிண்ணத்தை யாரோ ஒருவன் மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டு போனானே, அவன் யார் வீட்டுப் பிள்ளை? தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023-இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவழிக்கவிருந்த தொகை 1,220 கோடி டாலர், அதில் மிட்டாய்க்கு மட்டும் 360 கோடி. இவ்வளவு பணத்தை மனமுவந்து செலவழிக்கிறவர்கள் ஒரு சாக்லேட்டுக்காக மனம் கசந்துகொள்வது வேடிக்கையாகத் தோன்றலாம். சாக்லேட்டின் விலை இதில் ஒரு பொருட்டே இல்லை. எந்தப் பிள்ளையை நம் தெருப் பிள்ளையாக எண்ணுவது என்பதில்தான் வழக்கு. நூறாண்டாக இந்த வழக்கு தீரவில்லை. சொல்லப்படும் காரணங்கள்தாம் மாறி வந்திருக்கின்றன.

2014-இல் ஸ்லேட் இதழின் ‘டியர் புரூடன்ஸ்’ என்ற ஆலோசனைப் பகுதிக்கு வந்த ஒரு கடிதம் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. எழுதியவர் வசதி படைத்தோர் பகுதியில், அதன் எளிய தெரு ஒன்றில் குடியிருப்பவர். ஹாலோவீன் மாலையில் தம் வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பகுதிகளிலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கப்படும் பிள்ளைகள் என்றும், இது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கான பண்டிகையே தவிர சமூகநலத் திட்டம் இல்லை என்றும் அவர் குறைப்பட்டிருந்தார். பகுதியை நடத்திவந்த எமிலி யோஃபி அவரைக் கடுமையாகவே சாடி, இன்னும் கொஞ்சம் மிட்டாய் வாங்கி வைக்கச் சொன்னார். படித்தவர்களில் பலரும் யோஃபி பக்கம்தான். நானும் அந்தப் பக்கமே. ஆனாலும் கடிதம் எழுதியவரைக் கருமி என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர் வாங்கிவிட்ட தெருக்களில் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படியேறுகிறார்கள். அங்கே குடியிருக்கும் ஓய்வூதியக்காரருக்கு அந்தச் செலவு உண்மையான செலவு.

அந்தப் பிள்ளைகள் ஏன் அங்கே வருகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பேராசை ஒன்றும் இல்லை. அவர்கள் இருக்கும் இடத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடைபாதை இருக்காது, தெருவிளக்கு பாதி எரியாது. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் தெருவைப் பார்த்த வாசலே கிடையாது. வசதியான தெருவில் வீடுகள் நெருக்கம், விளக்கு வெளிச்சம், சில வீடுகளில் முழு அளவு சாக்லேட் பார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜில்லோ என்ற வீட்டுமனை விற்பனைத் தளம், மிட்டாய் வாங்கப் போவதற்குச் சிறந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிட்டு வந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று வீட்டு விலை. பணக்காரத் தெருவுக்குப் போனால் நல்ல மிட்டாய் என்று வீடு விற்பவர்களே விளம்பரம் செய்துவிட்டு, அதை நம்பி வந்த பிள்ளையை ஏன் வந்தாய் என்று கேட்டால் எப்படி?

ஹாலோவீன் என்றதும் கெல்ட் மக்களின் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அறுவடைப் பண்டிகையில் கதையைத் தொடங்குவது வழக்கம். அந்த நீண்ட வம்சாவளியில் எனக்கு ஆர்வமில்லை. இன்றைய தெருவைப் புரிந்துகொள்ள நூறாண்டு போதும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேடம் போட்டு வீடு வீடாகப் போகும் பழக்கம் இருந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு பண்டிகையும் கடல் தாண்டியது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கச் சிற்றூர்களில் ஹாலோவீன் என்றால் மிட்டாய் இல்லை, அட்டகாசம். வேலிக் கதவைக் கழற்றி எங்காவது கொண்டுபோய் மாட்டுவார்கள். கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பார்கள். சன்னல் கண்ணாடி முழுக்கச் சோப்பைத் தேய்த்துவைப்பார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் இது இன்னும் முற்றியது. 1920-இலேயே மினசோட்டாவின் அனோகா நகரம், பையன்களை வேறு வழியில் இழுத்துப் பிடிக்க ஓர் ஊர்வலமே நடத்தியது. அயோவாவின் தெ மோயின் நகரம் 1938-இல் அக்டோபர் 30-ஐப் ‘பிச்சைக்காரர் இரவு’ என்று தனியாக ஒதுக்கி, பிள்ளைகள் ஒழுங்காக வந்து கேட்டு வாங்கிப் போக வழி செய்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிளாக்கி என்ற சிற்றூரில் பையன்கள் வீடு வீடாகப் போய் மிரட்டித் தின்பண்டம் வாங்கியதை 1927-இல் லெத்பிரிட்ஜ் நாளிதழ் செய்தியாக்கியது. ஆக, மிட்டாய் அன்பின் அடையாளமாக வரவில்லை. வேலிக் கதவைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய கப்பமாக வந்தது.

பெரியவர்களுக்கு அது முதலில் பிடிக்கவும் இல்லை. பிச்சை என்ற எண்ணம்தான் உறுத்தியது. நியூயார்க்கில் இதற்கு முன்பே, நன்றிகூறல் நாளன்று பிள்ளைகள் கந்தல் உடுத்திக் காசு கேட்டு அலையும் வழக்கம் இருந்தது. அதையே ஒழித்துக்கட்டப் பள்ளிகளும் பத்திரிகைகளும் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்குப் பங்கீட்டு அட்டை வந்ததும் மிட்டாய் வழக்கம் சற்று அடங்கியது. 1947-இல் பங்கீடு நீங்கியவுடன் முன்னைவிட வேகமாக எழுந்தது. 1948-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் சிறுவர் மன்றத்துப் பையன்கள், அமெரிக்கச் சிறுவர் பிச்சை எடுப்பதில்லை என்ற பதாகையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இரண்டே ஆண்டில், 1950-இல், பிலடெல்பியாவில் ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் இந்தப் பிச்சைக்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தார்கள்: பிள்ளைகள் காலிப் பால் அட்டைப்பெட்டியை ஏந்திச் சில்லறை சேர்த்து யூனிசெஃபுக்குக் கொடுக்கலாம். 1952-இல் டிஸ்னி நிறுவனம் டொனால்ட் வாத்தை வைத்து ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்ற பெயரிலேயே ஒரு குறும்படம் எடுத்தது. அதன்பிறகு எதிர்ப்புக் குரல் எடுபடவில்லை.

“அந்தக் காலத்தில் தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்” என்று இன்றைய அமெரிக்கர் ஏங்கும் ‘அந்தக் காலம்’ இதுதான். புதிதாய் முளைத்த புறநகர், ஒரே மாதிரி வீடுகள், ஒரே வருமானம், வீட்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகள். அந்த ஏக்கத்தில் விட்டுப்போகும் ஒரு விவரம் இருக்கிறது. அத்தகைய புறநகர்களுக்கு முன்மாதிரியான நியூயார்க்கின் லெவிட்டவுன், கறுப்பினத்தவருக்கு வீடு கொடுப்பதில்லை என்ற நிபந்தனையோடு தொடங்கப்பட்டது. எல்லாரும் தெரிந்தவர்களாக இருந்ததற்கு, தெரியாதவர்களை உள்ளேயே விடாததும் காரணம். காரில் வந்து இறங்கும் பிள்ளையைப் பற்றிய இன்றைய புகாரை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1970-களில் புகாரின் திசை மாறியது. வாங்க வருகிற பிள்ளையைப் பற்றிய சந்தேகம் போய், கொடுக்கிறவர்மேல் சந்தேகம் வந்தது. ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாயில் விஷம். இதற்கு ஒரு பயங்கரமான ஆதாரமும் கிடைத்தது. 1974 ஹாலோவீன் இரவு டெக்சாசின் டீர் பார்க்கைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன், பிக்ஸி ஸ்டிக்ஸ் என்ற இனிப்புத் தூள் குழாயைத் தின்றபின் இறந்துபோனான். தூளில் சயனைடு கலந்திருந்தது. உடன் போயிருந்த தந்தை ரொனால்ட் கிளார்க் ஓப்ரையன், விளக்கு எரியாத ஒரு வீட்டைக் காட்டி, அங்கிருந்து ஒரு கை நீண்டு இதைக் கொடுத்தது என்றார். அந்த வீட்டுக்காரரோ இரவு வெகுநேரம் வரை விமான நிலையத்தில் பணியில் இருந்தவர். பார்த்த சாட்சிகள் ஏராளம். விசாரித்தபோது வெளிவந்தது இது: ஓப்ரையன் கடனில் மூழ்கியிருந்தார், பிள்ளைகள் பேரில் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். விஷம் வைத்தவர் தந்தையே. பழி அந்நியன்மேல் விழட்டும் என்று தம் மகளுக்கும் இன்னும் மூன்று குழந்தைகளுக்கும் அதே குழாயைக் கொடுத்திருந்தார். நல்ல வேளையாக அவர்கள் அதைத் தின்னவில்லை. 1984-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவர் திட்டத்தின் அடித்தளமே தெருவெங்கும் பரவியிருந்த அந்நியர் பயம்தான். யாரும் கேள்வி கேட்காமல் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹொரியூச்சியுடன் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்தை அப்படியே எடைபோட்டது. 1958 முதல் நாளிதழ்களில் வந்த ஹாலோவீன் மிட்டாய்க் குற்றச் செய்திகளைத் தேடியதில் அவர்களுக்குக் கிடைத்தவை 76. அவற்றில் பெரும்பகுதி பிள்ளைகளே செய்த பொய், விளையாட்டு. முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ ஒரு நிகழ்வுகூட உறுதியாகவில்லை. பெஸ்ட் அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்த்துவந்தார், முடிவு மாறவில்லை. ஆனாலும் பயம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் கையால் செய்த சோளப்பொரி உருண்டை, குக்கீ, சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள் எல்லாம் பையிலிருந்து மறைந்தன. இன்று உறை பிரிக்காத, ஆலைப் பெயர் அச்சடித்த சிறு பார்தான் ‘பாதுகாப்பானது’. தெரிந்த கையைவிடத் தெரியாத தொழிற்சாலைமேல் நம்பிக்கை. மருத்துவமனைகள் சில, மிட்டாய்ப் பைகளை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்த காலமும் இருந்தது.

இதே பாதையில் வந்தவைதாம் பாலியல் குற்றப் பின்னணி உள்ளவர்கள்மீதான ஹாலோவீன் சட்டங்களும். அன்று வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளிவிளக்கை அணைக்க வேண்டும், இங்கே மிட்டாய் கிடையாது என்று பலகை மாட்ட வேண்டும் என 2008-இல் மிசோரி மாநிலம் சட்டம் இயற்றியது. 30 மாநிலங்களில் 1997 முதல் 2005 வரை பதிவான, குடும்பத்துக்கு வெளியே குழந்தைகள்மீது நடந்த 67,000-க்கும் மேற்பட்ட பாலியல் குற்றங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஹாலோவீனையொட்டி அவை சற்றும் கூடவில்லை என்று காட்டியது. பலகை மாட்டும் விதி மட்டும் 2024-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அடிபட்டது.

வாங்குகிற பிள்ளையின் நேர்மையைச் சோதித்த ஆய்வும் உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தது அது. எட் டீனரும் மூவரும் சியாட்டிலில் 27 வீடுகளில் நடத்தி 1976-இல் வெளியிட்டார்கள். கூடத்து மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய், பக்கத்தில் ஒரு கிண்ணம் சில்லறை. கதவைத் திறக்கும் பெண் வேடத்தைப் பாராட்டுவார், ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார், வேறு வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவார். மறைவில் ஒருவர் ஒரு சிறு துளை வழியே பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார். சில குழந்தைகளிடம் மட்டும் பெயர் என்ன, வீடு எங்கே என்று அந்தப் பெண் கேட்டு, திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வார். 1,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். தனியாக வந்து பெயரும் சொன்னவர்களில் 7.5 சதவீதம் பேர்தான் கூடுதலாக எடுத்தார்கள். பெயர் கேட்கப்படாமல், கூட்டமாகவும் வந்தவர்களில் 57 சதவீதம். அதாவது பாதிக்கு மேல். கிண்ணத்தைக் கவிழ்த்த பிள்ளையின் வளர்ப்பைப் பழிப்பதற்கு முன், நாம் அவன் பெயரைக் கேட்டோமா என்று பார்க்கச் சொல்கிறது இந்த எண். முகமூடிக்குள் இருப்பவனை யாரும் யாரென்று கேட்காத தெருவில் அவன் யாருமாக இருக்க வேண்டியதில்லை.

வயது விஷயத்தில் சில ஊர்கள் சட்டத்தையே துணைக்கு அழைத்தன. வர்ஜீனியாவின் செசபீக் நகரத்தில் 12 வயதைத் தாண்டியவர் மிட்டாய் கேட்டுப் போனால் ஆறு மாதம் வரை சிறை என்று 1970 முதல் விதி இருந்தது. 2019-இல் வயதை 14 ஆக உயர்த்திச் சிறையை எடுத்தார்கள். இல்லினாயின் பெல்வில் 2008-இல் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்குத் தடை போட்டது. பதினைந்து வயதுப் பையன் அன்று மாலை வேறு என்னென்ன செய்யலாம் என்று யோசித்தால், போர்வையைத் துளையிட்டுப் பேய் வேடம் போட்டு மிட்டாய் கேட்பதைக் குற்றமாக்க எந்த நகரமன்றத்துக்கும் மனம் வந்திருக்கக் கூடாது. வளர்ச்சிக் குறைபாட்டால் உடல் வளர்ந்தும் மனத்தளவில் குழந்தையாகவே இருக்கும் பிள்ளைகளையும் இந்த விதி வாசலிலேயே அவமானப்படுத்துகிறது.

ஸ்காட்லாந்தில் இன்றும் பிள்ளை வாசலில் ஒரு பாட்டோ கவிதையோ நகைச்சுவையோ சொன்னபிறகே தின்பண்டம். தெ மோயினிலும் செயின்ட் லூயிசிலும் விடுகதை, ஜோக் சொல்லித்தான் மிட்டாய் வாங்க வேண்டும். கூச்சப்படும் குழந்தைக்கு இது சிரமம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அரை நிமிடப் பேச்சில் வீட்டுக்காரருக்கு ஒரு பிள்ளையும் பிள்ளைக்கு ஒரு வீடும் அறிமுகமாகிவிடுகின்றன. சியாட்டில் வீட்டில் பெயர் கேட்டதற்கு என்ன பலனோ அதே பலன் இதற்கும் இருக்கும் என்பது என் ஊகம்.

கதவை இன்னும் அகலத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். டென்னசியில் உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் குடும்பங்கள் தொடங்கி, 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் ஒன்று: வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் இருந்தால் அங்கே மிட்டாயோடு பொம்மை, ஸ்டிக்கர், பென்சில் போன்றவையும் கிடைக்கும். வேர்க்கடலை பட்டாலே மூச்சுத் திணறும் பிள்ளையும் அந்தப் படியில் தைரியமாக ஏறலாம். 2020-இல் கொரோனாவுக்காக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னபோது, பலர் பிளம்பிங் கடையில் பிவிசி குழாய் வாங்கி, மாடிப்படிக் கைப்பிடியில் சாய்வாகக் கட்டி, மேலே நின்று மிட்டாயை உருட்டிவிட்டார்கள். கீழே பையை விரித்துக்கொண்டு குழந்தை. கொடுத்தே தீர வேண்டும் என்ற மனம் இருந்தால் ஆறடி இடைவெளி ஒரு தடையில்லை.

மறுபக்கம், 1990-களிலிருந்து தேவாலயங்களும் பள்ளிகளும் கார் நிறுத்துமிடத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து அதிலிருந்தே மிட்டாய் கொடுக்கும் ஏற்பாடு பரவி வருகிறது. பாதுகாப்பு, வசதி எல்லாம் சரி. ஆனால் அங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் ஏற்கெனவே ஒரே சபை, ஒரே பள்ளி. அந்நியர் என்ற கேள்வியே எழாதபடி பண்டிகையைச் சுருக்கிவிட்டார்கள்.

டொரோண்டோவின் ஸ்கார்பரோவிலும் அமெரிக்கப் புறநகர்களிலும் குடியேறிய நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதுவிதமாக வந்து நிற்கிறது. தீபாவளிப் பலகாரம் தெரிந்த வீட்டுக்குப் போகும். போன தட்டு வெறுமனே திரும்பி வராது. கணக்கு இரண்டு வீட்டுக்கு இடையில் நேராகி விடும். ஹாலோவீனில் தட்டு திரும்புவதே இல்லை. உங்கள் வீட்டில் வாங்கிய பிள்ளையின் பெற்றோரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. உங்கள் பிள்ளைக்கு யாரோ கொடுத்தார்கள், யாரோ பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள்; பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகும் கொடுக்கிறீர்கள். 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-இல் வந்தது. வாசலில் விளக்கேற்றிய வீடெல்லாம் அன்று தெருப் பிள்ளைகள் கணக்கில் மிட்டாய் வீடு. ஆனால் அதிரசத்தையோ முறுக்கையோ அந்தப் பையில் போட்டால், வீட்டுக்குப் போனதும் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். ஐம்பது ஆண்டுக்கு முன் கிளம்பிய பிளேடுக் கதை நம் அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது.

அந்நியர் பயம் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டதில், உண்மையான ஆபத்து பேச்சிலிருந்து நழுவிவிட்டது. அது வண்டி. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து ஜாமா குழந்தை மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டியில் அடிபட்டுச் சாகும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு. 2005-இல் இயற்றிய சட்டத்தின்படி 2007 முதல் கோடைக்காலக் கடிகார நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டிக்கப்பட்டதால், அன்று மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. மிட்டாய் நிறுவனங்கள் வெகுகாலம் கேட்டுவந்த மாற்றம் அது. அப்படியும் அபாயம் உச்சத்தைத் தொடுவது மாலை ஆறு மணி வாக்கில், அதாவது வேலை முடிந்து ஆள்கள் வீடு திரும்பும் நேரத்தில், கறுப்பு அங்கியும் கண்ணை மறைக்கும் முகமூடியும் அணிந்த பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது.

ஆகவே அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அக்டோபர் 31 அன்று பிள்ளையின் பையைக் கொட்டி ஒவ்வொரு மிட்டாயாகத் தடவிப் பார்ப்பதில் செலவிடும் நேரத்தை, அவன் சட்டை முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுவதில் செலவிடுங்கள். முடிந்தால் அன்று மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால், குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்தபின் நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள்.